நெடுஞ்சாலையில் விலங்குகளுக்கு ஒரு வழி: அரசுப் பணத்தை எங்கே, எப்போது கேட்பது? வேலூர்க்காரர்களுக்கான முழு வழிகாட்டி

ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சிறுபாலம் இருக்கிறது. பாலம் என்பதே அதிகம். தார்ச்சாலைக்கு அடியில் கானாற்றுத் தண்ணீர் போக இரண்டு ஹியூம் பைப், அவ்வளவுதான். ஊரில் அதைக் 'கல்வெட்டு' என்பார்கள். கல்வெர்ட் என்ற சொல் அப்படித் தேய்ந்துவிட்டது. ஒரு மார்கழி விடியலில் அந்தக் குழாய்களுக்கு நேர் மேலே, சாலையில் ஒரு புள்ளிமான் கிடந்தது. மூக்கோரம் ரத்தம் இன்னும் காயவில்லை. பக்கத்தில் உடைந்த முகப்பு விளக்கின் சில்லுகள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது கானாத்து வழியாத்தான் வந்துகினு இருந்துச்சு நைனா. நீங்க ரெண்டு கொழா போட்டு அடைச்சிட்டீங்க. மேல ஏறாம அது எங்க போவும்?"

அந்தக் குழாயைப் பெட்டிப் பாலமாக, அதாவது செவ்வக வாயுள்ள கான்கிரீட் பாலமாக மாற்ற அரசுப் பணம் எங்கிருந்து வரும், அதை யாரிடம், எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சில வருடங்கள் அலைந்து, பாதியைத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

பணம் எந்தப் பையில் இருக்கிறது

முதலில் ஒரு நினைப்பைக் கைவிட வேண்டும். 'விலங்குப் பால நிதி' என்று தனியாக ஒரு நிதி இருக்கும், விண்ணப்பம் போட்டால் வரும் என்று நானும் நம்பியிருந்தேன். அமெரிக்காவில் அப்படி ஒன்று உண்டு. 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் விலங்குக் கடவைகளுக்கென்றே (விலங்குகள் சாலையைக் கடக்கக் கட்டும் பாலம், கீழ்வழி) 5 ஆண்டுகளுக்கு 35 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மாநிலங்களும் பழங்குடி அரசுகளும் போட்டி போட்டு விண்ணப்பித்து வாங்கின.

நம் நாட்டில் பெரிய கடவைகளுக்கான பணம் பெரும்பாலும் சாலைத் திட்டத்தின் மதிப்பீட்டுக்குள்ளேயே இருந்து வந்திருக்கிறது. மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர எல்லையில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டி தேசிய நெடுஞ்சாலை 44இல் 9 கடவைகள் கட்டினார்கள். மிகப் பெரியது 750 மீட்டர் நீளம். நீதிமன்றம் வரை போன இழுபறிக்குப் பிறகு, நான்குவழிச் சாலைத் திட்டத்தின் பகுதியாகவே அவை வந்தன. அசாமில் காசிரங்கா வழியாகப் போகும் சாலைக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் சுமார் 86 கி.மீ., 6,957 கோடி ரூபாய். அதில் 34 கி.மீ.க்கு மேல் விலங்குகளுக்காக உயர்த்திய பாதை. அதற்கும் தனி நிதி கிடையாது, சாலைக்கான பணம்தான்.

ஆகவே சாலை போடுவதற்கு முன்னால் கேட்டால் மதிப்பீட்டில் அது ஒரு வரி. போட்ட பிறகு கேட்டால் தனித் திட்டம், தனி நிதி, தனி ஒப்பந்தம். அகலப்படுத்தும் வேலைக்கு அளவுக்கல் நடும் நாளில் விழித்துக்கொண்டால் பாதி ரயில் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: சாலை யாருடையது?

சிரிக்காதீர்கள், நான் தோற்றதே இங்கேதான். முதல் மனுவை ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து 'இச்சாலை எங்கள் பராமரிப்பில் இல்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பு அல்லது நீலம் மாவட்டச் சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. மஞ்சளிலும் இரண்டு வகை உண்டு. சிலவற்றைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் நேரடியாகப் பார்க்கிறது, சிலவற்றை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்க்கிறது. சந்தேகம் இருந்தால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதே மனுவில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துவிடுங்கள். இந்தச் சாலையை அகலப்படுத்த விரிவான திட்ட அறிக்கை தயாராகிறதா? அதைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனம் எது? இரண்டாவது கேள்வி தங்கம். பாலத்தின் அகலத்தை முதலில் காகிதத்தில் எழுதுவது அந்த நிறுவனத்தின் பொறியாளர்தான்.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை பல. சென்னை, பெங்களூரு சாலையான தேசிய நெடுஞ்சாலை 48 பாலாற்றை ஒட்டியே போகிறது. திருவண்ணாமலைக்குப் போகும் 38 இருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு வழியாகக் கர்நாடகம் போகும் 75 யானைப் பகுதியைத் தொட்டுக்கொண்டு போகிறது. எல்லைக்கு அப்பால் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயம். அங்கிருந்து யானைகள் சைனகுண்டா, மோர்தானா பக்கம் இறங்கி வருவது குடியாத்தத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. 2023 ஜூனில் எல்லைக்கு அந்தப் பக்கம் பலமனேர் அருகே நெடுஞ்சாலையில் வாகனம் மோதி ஒரே இரவில் மூன்று யானைகள் செத்தன. யானைக்கு மாவட்டம் தெரியாது. மனு எழுதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்: 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பிறகு ஆட்சியர் யார், எந்த வனக்கோட்டம் என்பதைச் சரிபார்த்த பிறகே உறையில் முகவரி எழுதுங்கள்.

இரண்டாவது: ஓராண்டுக் கணக்கு

'இங்கே நிறைய விலங்கு அடிபடுது சார்' என்றால் யாரும் பேனாவை எடுக்க மாட்டார்கள். 'கி.மீ. கல் 14க்கும் 15க்கும் நடுவில், கானாற்றுச் சிறுபாலத்திலிருந்து வடக்கே 60 மீட்டரில், இந்தத் தேதியில், காலை 5.40 மணிக்கு' என்றால் எடுப்பார்கள்.

ஒரு நோட்டுப் போதும். தேதி, நேரம், கல் எண், செல்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, விலங்கு, ஒரு படம். குறைந்தது ஒரு முழு ஆண்டு. நம் பக்கம் கோடையில் மலைமேல் தண்ணீர் வற்றியதும் மான் ஏரியைத் தேடி இறங்கும். நிலக்கடலையும் மாவும் இருக்கும் பருவத்தில் பன்றியும் கரடியும் வரும். ஐப்பசி மழையில் தவளையும் பாம்பும் சாலையில் நசுங்கும். மூன்று மாதக் கணக்கு மூன்று மாத உண்மையைத்தான் சொல்லும்.

செத்ததை மட்டும் எண்ணாதீர்கள். உயிரோடு கடப்பதை எண்ணுவதுதான் சுவாரசியமான வேலை. சிறுபாலத்தின் வாயில், குறுக்காக ஒரு முழ அகலத்துக்கு மணலைச் சலித்துப் பரப்பி, பலகையால் இழுத்துச் சமன்செய்யுங்கள். பாலாற்று மணலை அள்ளப் போகாதீர்கள், அது வேறு வழக்கு! கானாற்றிலேயே கிடக்கும் பொடிமண் போதும். மாலை ஐந்து மணிக்குப் பரப்பி, விடியற்காலை டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தடங்கள் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். மானின் குளம்பு இரண்டு நீள விதை மாதிரி. உடும்பு போனால் நடுவில் வாலின் இழுவைக்கோடு. கரடித் தடம் சின்னப் பிள்ளையின் பாதம் போல இருக்கும், ஆனால் முன்னால் நகப்புள்ளிகள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள்.

ஒடுகத்தூர்க் குழாயில் நான் பார்த்தது கீரி, மரநாய், முயல், நாய். மான் ஒரு நாளும் உள்ளே போகவில்லை. வாய் வரை வந்து, நின்று, திரும்பி, கரையேறிய தடங்கள் மட்டும் இருந்தன. அந்த ஒரு படம் நான்கு பக்க மனுவைவிட அதிகம் பேசியது.

இரண்டு எச்சரிக்கைகள். செத்த விலங்கைத் தொடாதீர்கள், கொம்பையோ பல்லையோ எடுத்து வைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பிரேதப் பரிசோதனை செய்து பதிவு செய்தால் அது அரசு ஆவணம், உங்கள் நோட்டை விட வலுவானது. அப்புறம், நான்குவழிச் சாலையில் இரவில் இறங்கி நிற்காதீர்கள். மான் கணக்கெடுக்கப் போய் நாமே கணக்கில் சேரக் கூடாது.

மூன்றாவது: எதைக் கேட்பது என்று தெரிந்து கேளுங்கள்

'மேம்பாலம் வேண்டும்' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நம் மலையடிவாரச் சாலைகளில் ஏற்கெனவே கானாறு வெட்டிக்கொடுத்த வழி இருக்கிறது. வெள்ளம் போகவும் விலங்கு போகவும் ஒரே பாலம் போதும். நீர்வழிக் காரணத்தோடு சேர்த்துக் கேட்டால் பொறியாளருக்கும் கையெழுத்துப் போட வசதி.

அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: வாயின் அகலத்தை உயரத்தால் பெருக்கி, விலங்கு நடக்க வேண்டிய நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் மீட்டரில். வரும் எண்ணுக்குத் திறப்பு விகிதம் என்று பெயர். மான் வகைக்கு 0.6க்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்காவில் 1979இல் வந்த ஆய்விலிருந்து இன்றும் புழங்கும் எண். சாலைக்கரையின் அடி அகலம் 45 மீட்டர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 1.2 மீட்டர் ஹியூம் பைப்புக்கு 0.032 வரும். 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரப் பெட்டிக்கு 0.27. 7க்கு 4 பெட்டிக்கு 0.62, தேறியது. மான் ஏன் வாய் வரை வந்து திரும்பியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு அது வழியல்ல, இருட்டுப் பொந்து.

இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. இரு திசைப் பாதைகளுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, பாலத்தை இரண்டு துண்டாகக் கட்டினால் நடுவில் வானம் தெரியும். நடக்கும் நீளம் பாதியாகும், வெளிச்சமும் வரும். அதிகம் செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது. ஆனால் வரைபட நிலையில் மட்டுமே கிடைக்கும்.

யானைக்கு இந்தக் கணக்கெல்லாம் பத்தாது. 6 மீட்டருக்குக் குறைந்த உயரத்தைப் பற்றிப் பேசுவதே வீண், அகலமும் பல மடங்கு வேண்டும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிக்குக் கேட்பவர்கள் 'பெட்டிப் பாலம்' என்று எழுதாமல் 'நீளமான கண்களுடைய பாலம்' என்று எழுதுங்கள். கண் என்பது இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள திறப்பு. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016இல் சாலை, ரயில், மின்கம்பிப் பாதைகளுக்கான வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. அதன் பெயரை மனுவில் குறிப்பிடுவது நல்லது, நெடுஞ்சாலைத் துறையினருக்கும் தெரிந்த ஆவணம் அது.

வேலியை மறக்காதீர்கள். பாலம் மட்டும் கட்டினால் மான் பழைய இடத்திலேயே மேலே ஏறும். கனடாவின் பான்ஃப் பூங்காவில் சாலையின் இருபுறமும் 2.4 மீட்டர் வேலி போட்டு, அது கடவையின் வாயில் கொண்டுபோய் விடும்படி அமைத்தார்கள். வாகன மோதல் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. பாலம் அங்கே பாதி வேலை, வேலி மீதி வேலை.

நான்காவது: எந்தக் கதவு, எந்த நேரத்தில்

இதுதான் நீளமான பகுதி. டீ குடித்துவிட்டு வாருங்கள்.

திட்ட அறிக்கை நிலை. இதுவே முதல் கதவு, மலிவான கதவு. ஆலோசனை நிறுவனத்துக்கும் சாலை அமைப்பின் திட்ட இயக்குநர் அல்லது கோட்டப் பொறியாளருக்கும் உங்கள் கணக்கை ஒரே நாளில் அனுப்புங்கள். மாவட்ட வன அலுவலருக்கு நகல் போக வேண்டும். மாநிலச் சாலையென்றால் மாநில பட்ஜெட் பணம், சில நேரம் பெட்ரோல், டீசல் மீதான வரியிலிருந்து வரும் மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி. எந்தப் பணமாக இருந்தாலும் மதிப்பீட்டில் பெயர் ஏறினால்தான் வரும்.

சுற்றுச்சூழல் அனுமதி. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வரும் பெரிய திட்டமென்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், ஆட்சியரோ அவர் சார்பில் ஓர் அதிகாரியோ தலைமை தாங்குவார். 30 நாள் முன்னால் நாளிதழில் அறிவிப்பு வரும், தமிழில் சுருக்க அறிக்கையும் வைக்க வேண்டும். பேசும்போது கோபத்தைக் குறைத்து எண்ணைக் கூட்டுங்கள்: கல் எண், எத்தனை விலங்கு, கேட்கும் அளவு. கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் விளக்கி வாசிக்க வேண்டும் என்பது விதி. பாதிப் பேர் அதற்குள் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள், நீங்கள் போகாதீர்கள். உங்கள் கோரிக்கை அதில் இல்லையென்றால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். ஒரு சங்கடம், இருக்கும் பாதையிலேயே 100 கி.மீ.க்குக் குறைவாக அகலப்படுத்தும் வேலைகள் பெரும்பாலும் இந்தச் சுற்றுக்கே வராது. நம் மாவட்டச் சாலைகள் அந்த வகைதான்.

வன அனுமதி. நமக்கு உண்மையான பிடி இங்கேதான். சரணாலயம் வழியாகச் சாலை போனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு வரை போக வேண்டும், அவர்கள் கடவையை நிபந்தனையாக வைப்பது வழக்கம். ஆனால் ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு, சரணாலயம் அல்ல. அந்த வாரியத்தின் நிழல் இங்கே விழாது. காப்புக்காட்டில் ஒரு துண்டு நிலம் எடுத்தாலும் 1980 வனப் பாதுகாப்புச் சட்ட அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பத்தின் இரண்டாம் பாகத்தை மாவட்ட வன அலுவலர் நிரப்புவார். அங்கே விலங்கு நடமாட்டம், வழித்தடம் பற்றிய கேள்விகள் இருக்கின்றன. அவர் 'இல்லை' என்று எழுதினால் கதை முடிந்தது. 'உண்டு, இந்த இடத்தில்' என்று எழுதினால், முதல் நிலை அனுமதியிலேயே 'சாலை அமைப்பு தன் செலவில் கடவை கட்ட வேண்டும்' என்ற நிபந்தனை வர வழி பிறக்கும். அவர் அந்தப் பக்கத்தை நிரப்பும் முன் உங்கள் நோட்டு அவர் மேசையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் திங்கட்கிழமைதோறும் பார்ப்பேன்.

காம்பா பணம், அதாவது இழப்பீட்டுக் காடு வளர்ப்பு நிதி. காட்டு நிலத்தை எடுப்பவர்கள் கட்டும் நிகர தற்போதைய மதிப்பு (இழக்கும் காட்டின் பயன்களுக்கு ஈடான தொகை) இந்த நிதிக்குப் போகிறது. 2022 விகிதப்படி ஹெக்டேருக்கு 9.57 லட்சம் முதல் 15.95 லட்சம் ரூபாய் வரை. 10 ஹெக்டேர் எடுத்தால் குறைந்தது 95.7 லட்சம். 2016 சட்டப்படி 90 விழுக்காடு மாநிலத்துக்கே. ஆசையாக இருக்கும், ஆனால் கான்கிரீட்டை இதில் கேட்காதீர்கள் என்பது என் கருத்து. அது சாலைக்காரர் தலையில் விழ வேண்டிய செலவு. கேமரா, மலைப்பக்கத் தண்ணீர்த் தொட்டி, கடவை வாயில் நடும் மரம், இவற்றுக்குக் கேளுங்கள். வனத்துறையின் ஆண்டுச் செயல்திட்டம் நிதியாண்டு தொடங்கும் முன்பே தயாராகிவிடும், ஏப்ரலில் போய் நின்றால் அடுத்த வருடம்தான்.

மத்திய அரசின் புலி, யானைத் திட்டங்களும் உண்டு. 2023இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள், யானைப் பகுதிக்காரர்கள் வன அலுவலரிடம் விசாரிக்கலாம். கிரானைட் குவாரிகள் உள்ள ஒன்றியங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. ஆட்சியர் தலைமை, சுற்றுச்சூழல் அதன் முன்னுரிமைப் பட்டியலில் வருகிறது. மாநிலச் சாலையில் ஒரு சிறுபாலத்தை மாற்றும் அளவு வேலைக்கு இதைத் தட்டிப் பார்க்கலாம்.

எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. பள்ளிக் கட்டடம், குடிநீர், நிழற்குடை என்று ஊரே வரிசையில் நிற்கும் பணம் அது. அதில் கடவை கேட்டால் நமக்குத்தான் கெட்ட பெயர். எம்.பி.யிடம் பணத்தைவிட ஒரு கடிதம் கேளுங்கள். சாலை அமைச்சகத்துக்கு அவர் எழுதினால் பதில் வரும்.

ஐந்தாவது: மனுவும் தீர்மானமும்

மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் சாலை எண், கல் எண், கோரிக்கை, மூன்றும் வந்துவிட வேண்டும். இணைப்பில் ஓராண்டு அட்டவணை, வரைபடம், நான்கு படங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அதோடு கிராமசபைத் தீர்மானம். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 'மானைக் காப்போம்' என்றால் கை தூக்கச் சிலர் தயங்குவார்கள். பன்றி நிலக்கடலையைத் தோண்டிய கோபம் அப்படியே இருக்கும், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் தீர்மானம் நிறைவேறக் காரணம் பைக்குகள். இரவில் பன்றி மோதி விழுந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் கையில் இன்னும் மாவுக்கட்டு. ஆடுமாடும் அதே பாலத்தில் பகலில் போகலாம் என்றதும் மேய்ச்சல்காரர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள்.

சாலை ஏற்கெனவே போட்டாயிற்று என்றால்? மனம் தளர வேண்டாம், ஆனால் கோரிக்கையைச் சின்னதாக்குங்கள். வேலை நடந்துகொண்டிருந்தால் ஒப்பந்தத்தில் 'சேஞ்ச் ஆஃப் ஸ்கோப்' என்ற பிரிவு இருக்கும், கூடுதல் வேலையை அதில் சேர்க்கலாம். முடிந்துவிட்டால் வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, சில நூறு மீட்டர் வேலி. கோவை மதுக்கரை ரயில்பாதையில் யானைகளுக்குச் சுரங்கவழி கட்டியதோடு, 2024இல் 7.24 கோடி ரூபாயில் வெப்பக் கேமராக்களோடு எச்சரிக்கைக் கோபுரங்களும் வைத்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாதையிலும் பணம் ஒதுக்க முடியும் என்பதற்கு மேசையில் வைக்க நல்ல உதாரணம்.

கடைசியாக: கட்டிய பிறகு

திறப்பு விழாவோடு போய்விடாதீர்கள். பாலத்துக்கு அடியில் ஆறு மாதத்தில் என்ன நடக்கும் தெரியுமா? வைக்கோல்போர் ஏறும். மாடு கட்டுவார்கள். மழைக்கு லாரி ஒதுங்கும், பாட்டில் உடையும். நடுவில் யாராவது ஒரு குழல்விளக்கு போட்டுவிட்டால் மான் அந்தப் பக்கமே திரும்பாது. பராமரிப்பும் கண்காணிப்பும் யார் பொறுப்பு என்பதை மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பெஞ்ச் காப்பகத்தில் 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை கேமரா வைத்துத்தான் புலி உட்பட 18 வகை விலங்குகள் பாலத்துக்கு அடியில் போவதை நிரூபித்தார்கள். அடுத்த சாலைக்குக் கேட்பவர் கையில் இன்று அந்த எண் இருக்கிறது.

கண்காணிப்புக்கு ஓராண்டுப் பணம் தருகிறோம் என்றால் ஐந்தாண்டு கேளுங்கள். பான்ஃபில் கிரிஸ்லி கரடி பழகவே சுமார் ஐந்து வருடம் ஆனது. உங்கள் மணலில் முதல் மாதம் நாய்த் தடம்தான் விழும், இரண்டாம் மாதமும் நாயாகவே இருக்கலாம். தேதி போட்டு அதையும் எழுதி வையுங்கள்.